சிறு குழந்தைகளுக்கான பாதுகாப்பான பிரவுசர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் கையில் இணையத்தைக் கொடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் மகளுக்காக ஆரம்பித்த வேலை இது. அப்புறம் அக்கா வீட்டுப் பிள்ளைகள், மகளின் தோழிகள் வீடு என்று பல போன்களிலும் டேப்லெட்டுகளிலும் இதையே செய்து கொடுத்தேன். எங்கே போனாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான்.

குழந்தைக்கென்று தனி பிரவுசர் எதற்கு? பாதுகாப்புத் தேடலை ஆன் செய்தால் போதாதா?

சாதாரண பிரவுசர், யாரையும் எங்கேயும் கொண்டுபோய் விடுவதற்காகச் செய்யப்பட்டது. மேலே முகவரிப் பட்டை, பக்கத்தில் டேப்கள், கீழே செய்திகள், ஒரு எழுத்தைத் தட்டினால் பத்துப் பரிந்துரைகள். படிக்கத் தெரிந்தவருக்கு இதெல்லாம் வசதி. படிக்கத் தெரியாத குழந்தைக்குத் திரையில் தெரிவது வண்ணமும் வடிவமும்தான். எது மின்னுகிறதோ அதைத் தொடும்.

என் மகளுக்கு நான்கு வயது இருக்கும்போது, வண்ணம் தீட்டும் பக்கம் ஒன்றைத் திறந்து கொடுத்துவிட்டு நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். யானைப் படத்துக்குக் கீழே, யானையைவிடப் பெரிதாக ஒரு பச்சைப் பொத்தான். அது விளம்பரம். ஆனால் பார்க்க டவுன்லோட் பொத்தான் மாதிரியே இருந்தது. தொட்டாள். வேறொரு பக்கம் திறந்தது, அதில் ஓர் அம்புக்குறி. அதையும் தொட்டாள். மூன்றாவது தொடுதலில் போன் அதிர ஆரம்பித்து, ‘உங்கள் போனில் வைரஸ்’ என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்துவிட்டது. “அம்மா, போன் அழுகுது” என்று தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

இதில் அவள் எதையும் தேடவே இல்லை. பாதுகாப்புத் தேடல் அன்றைக்கு ஆனில்தான் இருந்தது. தேடல் முடிவுகளை மட்டும்தான் அது வடிகட்டும். தேடாமலேயே மூன்று தொடுதலில் வெளியே போய்விடும் குழந்தைக்கு அது எப்படி உதவும்?

அப்படியானால் இந்த மென்பொருள் உண்மையில் என்ன செய்கிறது?

நல்ல குழந்தைகள் பிரவுசர் இரண்டு வேலை செய்யும். ஒன்று, போகக்கூடிய இடங்களைக் குறைக்கும். இரண்டு, பிரவுசரையே எளிமையாக்கும்: முகவரிப் பட்டை இருக்காது, திரை முழுக்கப் பெரிய படங்கள், திரும்பி வர எப்போதும் ஒரே இடத்தில் ஒரு வீட்டுப் படம். இரண்டாவது வேலையைப் பலர் கண்டுகொள்வதில்லை. ஆனால் சின்னப் பிள்ளைக்கு அதுதான் பெரிய நிம்மதி. 2008 வாக்கில் பேசப்பட்ட ஜாக் பிரவுசரை, ஆட்டிசம் உள்ள தன் பேரனுக்காக ஒரு தாத்தா உருவாக்கினார். குழந்தையைக் குழப்பும் மெனுக்கள், வலது கிளிக் எல்லாவற்றையும் அதில் எடுத்துவிட்டார்கள். என்ன சேர்ப்பது என்பதைவிட எதை எடுப்பது என்று யோசித்துச் செய்த மென்பொருள் என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

இந்த வசதி பல வடிவங்களில் கிடைக்கிறது. தனி ஆப்பாக வருவது உண்டு. சாதாரண பிரவுசருக்குள்ளேயே குழந்தைகள் முறையாக இருப்பதும் உண்டு: எட்ஜ் பிரவுசரில் 2021ல் கிட்ஸ் மோட் வந்தபோது, சுமார் 70 தளங்கள் மட்டும் திறக்கும் பட்டியலோடு வந்தது, 2023ல் அதை எடுத்துவிட்டார்கள். போன் அல்லது கணினியின் செட்டிங்ஸிலேயே இருப்பது இன்னொரு வகை. நான் மூன்றாவதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். தனி ஆப்கள் வரும், போகும். 2008ல் வந்து நல்ல பெயர் எடுத்த கிட்ஸுயி இன்று இல்லை. அதனால் எந்த மென்பொருளை எடுத்தாலும் உங்கள் தளப் பட்டியலை ஒரு நோட்டில் தனியாக எழுதி வையுங்கள். மென்பொருள் போனாலும் பட்டியல் உங்களிடம் இருக்கும்.

தடைப் பட்டியல் நல்லதா, அனுமதிப் பட்டியல் நல்லதா?

எட்டு வயதுக்குக் கீழே என்றால் அனுமதிப் பட்டியல்தான். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

தடைப் பட்டியல் என்பது ‘இவை மட்டும் கூடாது, மற்றதெல்லாம் சரி’ என்ற முறை. 1990களின் நடுவில் வந்த சர்ஃப்வாட்ச், நெட் நானி போன்ற ஆரம்பகால மென்பொருள்கள் அந்த வழியில்தான் போயின. கெட்ட தளங்களின் பட்டியல், கெட்ட சொற்களின் பட்டியல், இரண்டையும் வைத்துத் தடுப்பது. சொற்பட்டியலின் அவஸ்தை சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1996ல் இங்கிலாந்தில் ஸ்கன்தோர்ப் என்ற ஊர்க்காரர்களால் ஏஓஎல் என்ற இணையச் சேவையில் கணக்குத் தொடங்க முடியவில்லை. ஊர்ப் பெயரின் நடுவில் ஒரு ஆங்கில வசைச்சொல்லின் எழுத்துகள் அமைந்திருந்ததுதான் காரணம். மார்பகப் புற்றுநோய் பற்றிய மருத்துவப் பக்கங்களும் இப்படியே மாட்டிக்கொண்டன. தேவையானது தடைபட்டது, தேவையில்லாதது வேறு எழுத்துக்கூட்டலில் நுழைந்தது.

தமிழில் பேசி, தமிழில் தேடும் வீடுகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே சொல்லைத் தமிழ் எழுத்திலும் எழுதுவோம், ஆங்கில எழுத்திலும் எழுதுவோம். ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். ஆங்கிலத்தை மனதில் வைத்து வளர்ந்த வடிகட்டி இங்கே தடுமாறத்தான் செய்யும்.

அனுமதிப் பட்டியல் இதற்கு நேர் எதிர். ‘இவை மட்டும் சரி, மற்றதெல்லாம் கூடாது.’ நாளைக்குப் புதிதாக ஒரு மோசமான தளம் முளைத்தாலும் அதைப் பற்றி யாரும் கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்க்கக் காத்திருக்க வேண்டாம். அது ஏற்கெனவே வெளியேதான் இருக்கிறது. பெரியவர்களுக்கு இது சிறை மாதிரி தோன்றலாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு அப்படி இல்லை. ஒரே கதையை நாற்பது தடவை கேட்கும் வயது அது. எட்டுத் தளங்கள் இருந்தால் அதில் மூன்றுக்குத்தான் திரும்பத் திரும்பப் போகும்.

அனுமதிப் பட்டியலில் எத்தனை தளங்கள் வைக்கலாம்? எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஆறிலிருந்து எட்டு. அதற்கு மேல் போனால் உங்களாலேயே கவனிக்க முடியாது.

பெயர் கேள்விப்பட்ட தளம் என்பதற்காகச் சேர்க்க வேண்டாம். நான் இப்படிச் செய்வேன். குழந்தை தூங்கிய பிறகு அந்தத் தளத்தைத் திறந்து, அரை மணி நேரம் குழந்தை மாதிரியே தொடுவேன். எழுத்தைப் படிக்காமல், பெரிதாகத் தெரிவதையும் அசைவதையும் மட்டும் தொட்டுப் பார்ப்பது. எத்தனையாவது தொடுதலில் தளத்தைவிட்டு வெளியே போகிறேன்? பக்கத்தின் அடியில் வேறு தளங்களுக்கு லிங்க் இருக்கிறதா? ஒரு காணொளி முடிந்ததும் என்ன வருகிறது? முன்பின் தெரியாதவர்கள் எழுதும் கருத்துப் பெட்டி இருக்கிறதா? பெயர், மின்னஞ்சல் கேட்கிறதா? ‘குழந்தைகளுக்கானது’ என்று சொல்லிக்கொள்ளும் தளங்களில் பாதி இந்த அரை மணி நேரத்திலேயே உதிர்ந்துவிடும்.

தேறியவற்றில் சில: பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவரில் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் உண்டு, கட்டணம் கிடையாது. விண்வெளிப் பைத்தியம் பிடித்த பிள்ளைகளுக்கு நாசாவின் ஸ்பேஸ் பிளேஸ். ஐந்திலிருந்து ஏழு வயதுக்கு, தளமாக இல்லாமல் ஆப்பாக வரும் ஸ்கிராட்ச் ஜூனியர் மிக நல்லது. கட்டங்களை அடுக்கிப் பூனையை நடக்க வைக்கலாம். பெரிய ஸ்கிராட்ச் தளம் எட்டு வயதுக்கு மேல்தான், அங்கே மற்றவர்களின் கருத்துகள் வரும்.

விக்கிப்பீடியாவைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். எனக்கு மிகப் பிடித்த தளம், ஆனாலும் இந்த வயதுக்கு வேண்டாம். அது எல்லா வயதினருக்குமான கலைக்களஞ்சியம், குழந்தைகளுக்கென்று அதில் தனி வடிகட்டி கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பார்ப்பதற்கு அதைப்போல் ஒன்று இல்லை.

ஒன்றை மறக்காதீர்கள். பட்டியல் ஒருமுறை போட்டு முடிந்துவிடும் விஷயம் இல்லை. ஒரு தளத்தை நடத்தியவர் பெயரைப் புதுப்பிக்காமல் விட்டால், அதே முகவரியை வேறொருவர் வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போட முடியும். உங்கள் பட்டியலில் அது ‘நல்ல தளம்’ என்றே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஒரு சுற்றுத் திறந்து பார்த்துவிடுங்கள்.

தளத்தைச் சேர்த்துவிட்டேன், ஆனால் படங்கள் வரவில்லை, காணொளி ஓடவில்லை. ஏன்?

ஒரு பக்கம் என்பது ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. எழுத்து ஒரு முகவரியிலிருந்தும், படம் இன்னொரு முகவரியிலிருந்தும், காணொளி பெரும்பாலும் யூடியூபிலிருந்தும் வரும். சில மென்பொருள்கள் அந்தத் துணை முகவரிகளையும் தடுத்துவிடும். படங்கள் மட்டும் வரும் முகவரி என்றால் சேர்த்துக்கொள்ளலாம். காணொளி ஓடவில்லையே என்று யூடியூப் முழுவதையும் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அந்த ஒரு வரியால் உங்கள் பட்டியலுக்கு அர்த்தமே இல்லாமல் போகும். அந்தக் காணொளி இல்லாமலேயே தளம் பிரயோஜனமா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு தளம் தேடுவதே மேல்.

என்னிடம் இருக்கும் போனிலும் கணினியிலும் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறதா?

பெரும்பாலும் இருக்கிறது.

ஐபோன், ஐபேட் என்றால் 2018ல் ஐஓஎஸ் 12உடன் வந்த ஸ்கிரீன் டைம். அதில் இணைய உள்ளடக்கத்துக்கான பகுதியில் மூன்று தேர்வுகள்: கட்டுப்பாடு இல்லை, வயதுவந்தோர் தளங்களைக் குறை, அனுமதித்த தளங்கள் மட்டும். மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. அதில் ஆப்பிளே சில தளங்களை முன்கூட்டிப் போட்டிருக்கும். அவற்றையும் பார்த்து, வேண்டாததை நீக்குங்கள்.

ஆண்ட்ராய்டில் கூகுளின் ஃபேமிலி லிங்க். குழந்தைக்குத் தனிக் கணக்கு உருவாக்கி, குரோமில் அனுமதித்த தளங்கள் மட்டும் திறக்குமாறு வைக்கலாம். வரலாறு பதியாத மறைநிலை முறை (இன்காக்னிடோ) அந்தக் கணக்கில் வேலை செய்யாது. புதிய தளம் வேண்டுமென்று குழந்தை கேட்டால் உங்கள் போனுக்குக் கேள்வி வரும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் ‘முடியாது’ என்ற சுவருக்குப் பதிலாக ‘கேட்டுப் பார்’ என்ற கதவு இருக்கிறது.

விண்டோஸ் கணினியில் குழந்தைக்குத் தனிப் பயனர் கணக்கு போட்டு, மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டியில் வடிகட்டியை ஆன் செய்ய வேண்டும். அது எட்ஜ் பிரவுசரில் மட்டும் வேலை செய்யும். வழக்கமான மற்ற பிரவுசர்களைத் திறக்க விடாது. அது கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

எந்தக் கருவியானாலும் குழந்தை உங்கள் கணக்கில் உட்கார்ந்தால் இதெல்லாம் வீண். தனிக் கணக்கு கட்டாயம்.

வீட்டு ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை மாற்றினால் எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்து வேலை முடிந்துவிடும் என்கிறார்களே?

நல்ல யோசனைதான், செய்யுங்கள். ஆனால் வேலை முடிந்துவிடாது.

டிஎன்எஸ் என்பது இணையத்தின் தொலைபேசிப் புத்தகம். தளத்தின் பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும். கிளவுட்ஃப்ளேர் 2020 ஏப்ரலில் தொடங்கிய 1.1.1.3, ஓபன்டிஎன்எஸ்ஸின் 208.67.222.123 போன்ற எண்களை ரவுட்டரில் போட்டால், ஆபாசத் தளங்களின் பெயரைக் கேட்டால் அந்தப் புத்தகம் எண்ணைத் தராது. அஞ்சு நிமிஷ வேலை, இலவசம்.

குறை என்னவென்றால், அதற்குத் தெரிவது தளத்தின் பெயர் மட்டும். பக்கத்தின் பெயர் தெரியாது. ஒரே தளத்தில் நல்ல பக்கமும் மோசமான பக்கமும் இருந்தால் இரண்டையும் விடும், அல்லது இரண்டையும் தடுக்கும். கூகுள் படத் தேடலில் வரும் சின்னச் சின்னப் படங்கள் கூகுளின் முகவரியிலிருந்தே வருவதால், மூலத் தளம் தடைபட்டிருந்தாலும் படம் கண்ணில் பட்டுவிடும். இந்த ஓட்டையைப் பலர் நேரில் பார்க்கும்வரை நம்புவதில்லை. அப்புறம், சில பிரவுசர்கள் ரவுட்டரைக் கேட்காமல் மறைகுறியிட்ட டிஎன்எஸ்ஸை நேரடியாகப் பயன்படுத்தும். போன் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் உங்கள் ரவுட்டர் கதைக்கு வெளியே போய்விடும்.

வாசல் கதவு அனுமதிப் பட்டியல் என்றால், இது தெருக் கேட். இரண்டும் இருக்கட்டும்.

தேடுபொறியே இல்லாமல் எப்படி? குழந்தைகளுக்கான தேடுபொறி எதையாவது வைக்கலாமா?

படிக்கத் தெரியாத குழந்தைக்குத் தேடுபொறி தேவையே இல்லை. அதற்குத் தெரிய வேண்டியதை உங்களிடம் கேட்கட்டும். “ஆமைக்குப் பல் உண்டா?” என்று கேட்டால் சேர்ந்து உட்கார்ந்து தேடுங்கள். பதிலோடு தேடும் விதமும் சேர்ந்து பழகும்.

எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்த பிறகு கிடில் போன்றவற்றைப் பார்க்கலாம். பெயரும் வண்ணமும் கூகுளை நினைவூட்டினாலும் அது கூகுளுடையது இல்லை, கூகுளின் தேடல் வசதியைப் பயன்படுத்துகிறது. முடிவுகள் ஓரளவு சலித்தவை. ஆனால் லிங்கைத் தொட்டதும் குழந்தை அந்தந்தத் தளத்துக்குத்தான் போகிறது, அங்கே கிடிலின் காவல் இல்லை.

யூடியூப் கிட்ஸ் போதுமான பாதுகாப்பா?

அதன் அமைப்பைப் பொறுத்தது. 2015 பிப்ரவரியில் வந்த ஆப் இது. ஆரம்பத்தில் எது குழந்தைக்கானது என்பதைப் பெரும்பாலும் கணினி நிரலே முடிவு செய்தது. 2017ல், பிள்ளைகளுக்குப் பழக்கமான கார்ட்டூன் உருவங்களை வைத்து எடுத்த, வன்முறையும் அருவருப்பும் நிறைந்த காணொளிகள் அதற்குள் நுழைந்திருந்தது தெரிந்து உலகம் முழுவதும் பெற்றோர் கொதித்தார்கள். முகப்பில் தெரிந்த படம் வழக்கமான கார்ட்டூன்தான், உள்ளே ஓடியது வேறு.

அதற்கு அடுத்த ஆண்டுதான் ‘பெற்றோர் அனுமதித்தவை மட்டும்’ என்ற தேர்வு வந்தது. அதை ஆன் செய்தால் தேடல் நின்றுவிடும், நீங்கள் தொட்டுச் சேர்த்த சேனல்களும் காணொளிகளும் மட்டும்தான் தெரியும். அந்த முறையில் வைத்தால் தாராளமாகக் கொடுங்கள். வெறும் வயதுப் பிரிவை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டுக் கொடுப்பதாக இருந்தால் பக்கத்தில் இருங்கள்.

விளம்பரம் இருந்தால் என்ன, தாண்டிப் போகப் பழகட்டுமே?

பழகாது. எட்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு, ஒரு விளம்பரம் தங்களை எதையோ வாங்கவைக்கப் பார்க்கிறது என்பது புரிவதில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2004லேயே சொன்னது. அந்த வயதினரைக் குறிவைக்கும் விளம்பரங்களைக் கட்டுப்படுத்தவும் பரிந்துரைத்தது. விளையாட்டும் விளம்பரமும் ஒரே நிறத்தில் ஒரே திரையில் இருக்கும்போது பிரித்துப் பார் என்று குழந்தையிடம் சொல்வது நியாயமில்லை. விளம்பரம் உள்ள தளத்தைப் பட்டியலில் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான்.

இந்த மென்பொருளே குழந்தையைப் பற்றிய தகவல்களைச் சேகரிக்காதா?

கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்பவர்கள்தான் குறைவு.

குழந்தை எதைப் பார்க்கிறது, எத்தனை மணிக்குப் பார்க்கிறது, என்ன எழுதுகிறது என்று எல்லாம் தெரிந்தால்தான் பல கண்காணிப்பு மென்பொருள்களுக்கு வேலையே. அந்தத் தகவல் எங்கே போகிறது? 2010ல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் எக்கோமெட்ரிக்ஸ் என்ற நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தது. அது பெற்றோருக்கு விற்றது சென்ட்ரி என்ற கண்காணிப்பு மென்பொருள். அதன் வழியே பிள்ளைகள் எழுதியவற்றிலிருந்து எடுத்ததைச் சந்தை ஆய்வு செய்பவர்களுக்கும் கொடுத்தது, பெற்றோருக்கு அதைச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. பிள்ளையைக் காப்பாற்ற வாங்கிய பொருளிலேயே இப்படி.

சட்டங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1998ல் இயற்றி 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த காப்பா சட்டம், 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைப் பெற்றோர் சம்மதமின்றிச் சேகரிக்கக் கூடாது என்கிறது. பெரிய தளங்கள் பலவும் ‘13 வயதுக்கு மேல்’ என்று போடுவதன் காரணம் அதுதான். ஐரோப்பாவில் அந்த வயது 16, நாடுகள் 13 வரை குறைத்துக்கொள்ளலாம். 2019ல் காப்பாவை மீறியதாக எழுந்த வழக்கில் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. அவ்வளவு பெரிய இடத்திலேயே இப்படி என்றால், யார் செய்தது என்றே தெரியாத இலவச ஆப்பை நம்பி எப்படிக் கொடுப்பது?

நான் பார்ப்பவை: குழந்தையின் முழுப்பெயர், பிறந்த தேதி, புகைப்படம் கேட்டால் வேண்டாம். தொடர்புப் பட்டியல், இருப்பிடம், மைக் அனுமதி கேட்டால் வேண்டாம். படப்பட்டியலை மட்டும் காட்டும் பிரவுசருக்கு மைக் எதற்கு? யார் தயாரித்தார்கள், எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்பது இரண்டு நிமிடத்தில் தெரியவில்லை என்றால் அதுவும் வேண்டாம்.

பின் நம்பரைக் குழந்தை கண்டுபிடித்துவிடுகிறது. என்ன செய்ய?

என் மகள் ஐந்து வயதில் கண்டுபிடித்தாள். அவளுக்கு அப்போது எண்கள் முழுதாகத் தெரியாது. என் கட்டைவிரல் போகும் பாதையைத்தான் பார்த்து வைத்திருந்தாள்: மேலே ஒன்று, கீழே ஒன்று, மறுபடி மேலே, நடுவில் ஒன்று. ஒரு நாள் மாலை டேப்லெட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதே பாதையை முயன்றுகொண்டிருந்தாள். திரை நேராக இருந்திருந்தால் திறந்திருக்கும்.

நான்கு எண்ணுக்குப் பதில் ஆறு எண் வையுங்கள். போனைத் திறக்கும் எண்ணும் பெற்றோர் அமைப்புக்கான எண்ணும் வேறு வேறாக இருக்கட்டும். குழந்தை மடியில் இருக்கும்போது அடிக்காதீர்கள். பிறந்த வருஷம் வேண்டவே வேண்டாம், மூத்த பிள்ளைக்கு அது தெரியும்.

பிரவுசரைப் பூட்டியும் வேறு வழியாக வெளியே போய்விடுகிறதே?

ஆமாம், போகும். ஒரு விளையாட்டு ஆப்பில் ‘எங்களைப் பற்றி’ என்பதைத் தொட்டால் அந்த ஆப்புக்குள்ளேயே ஒரு குட்டி பிரவுசர் திறக்கும். கீபோர்டிலேயே தேடல் பொத்தான் இருக்கும். குரல் உதவியாளரிடம் கேட்டால் இணையத்திலிருந்து பதில் வரும். சில சாதனங்களில் இரண்டாவதாக ஒரு பிரவுசர் தயாரிப்பாளரே போட்டது இருக்கும். எனவே பிரவுசரோடு நிறுத்தாமல், தேவையில்லாத ஆப்களையும் குழந்தையின் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஒரே ஆப்புக்குள் குழந்தையை நிறுத்தி வைக்கவும் வழி இருக்கிறது. ஐபேடில் கைடட் ஆக்சஸ்: மேல் பொத்தானை (ஹோம் பொத்தான் உள்ள ஐபேடில் அதை) மூன்று முறை அழுத்தினால் அந்த ஆப்பை விட்டு வெளியே போக முடியாது, திரையில் ஒரு பகுதியை விரலால் வட்டமிட்டு அங்கே தொட்டாலும் வேலை செய்யாதபடி வைக்கலாம். மேலே சொன்ன பச்சைப் பொத்தான் மாதிரி ஏதாவது இருந்தால் அதன்மேல் ஒரு வட்டம், பிரச்சினை முடிந்தது. ஆண்ட்ராய்டில் 5.0 முதலே திரையைப் பின் செய்யும் (ஸ்கிரீன் பின்னிங்) வசதி இருக்கிறது, வெளியே வர எண் கேட்குமாறு வைக்க மறக்காதீர்கள்.

குழந்தையே முகவரியைத் தட்டச்சு செய்ய விடலாமா?

இந்த வயதில் வேண்டாம். ஒரு எழுத்து தவறினால் வேறு தளம். அந்தத் தவறையே தொழிலாக்கியவர்கள் உண்டு. டிஸ்னிலேண்ட், டெலிடபீஸ் போன்ற பெயர்களைக் கொஞ்சம் பிழையாக எழுதிப் பதிவுசெய்து, தப்பாகத் தட்டும் பிள்ளைகளை ஆபாசத் தளங்களுக்குத் திருப்பிய ஒருவரை 2003ல் அமெரிக்காவில் கைது செய்தார்கள். சிறைத்தண்டனையும் கிடைத்தது. குழந்தைக்குப் படத்தைத் தொட்டுத் திறக்கும் வசதியே போதும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

இரண்டு முதல் நான்கு வயதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். மென்பொருளில் நேரக் கட்டுப்பாடு இருந்தால், முடிவதற்கு ஐந்து நிமிடம் முன் சொல்லும்படி வையுங்கள். கதையின் நடுவில் திரை சட்டென்று இருண்டால் எந்தக் குழந்தையும் அழும்.

இவ்வளவுக்குப் பிறகும் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் உங்கள் முகத்தைக் கவனியுங்கள். குழந்தை திரையைவிட உங்களைத்தான் பார்க்கும். சத்தம் போட்டுச் சட்டென்று பிடுங்கினால், ‘இதைக் காட்டினால் அம்மா கோபப்படுவாள்’ என்பதுதான் அதன் மனதில் பதியும். அடுத்த முறை காட்டாது. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒன்றுதான் பயம்.

சாதனத்தை மெதுவாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, “என்கிட்ட காட்டினது ரொம்ப நல்லது” என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் என்ன பார்த்தது என்று கேளுங்கள். நாம் பயந்தது ஒன்றாக இருக்கும், அதைப் பயமுறுத்தியது வேறொன்றாக இருக்கும். “அது பெரியவங்க போட்டது, உனக்காகப் போட்டது இல்லை. உன்மேல தப்பே இல்லை” என்பது போல இரண்டு வாக்கியம் போதும். நீண்ட விளக்கம் வேண்டாம். இரண்டு மூன்று நாள் தூக்கம், விளையாட்டு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். திரும்பத் திரும்ப அதையே பேசினாலோ இரவில் விழித்து அழுதாலோ குழந்தை மருத்துவரிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

குழந்தை தூங்கிய பிறகு உலாவல் வரலாற்றைத் திறந்து, எந்தத் தளத்திலிருந்து எந்தத் தொடுதலில் அங்கே போனது என்று பின்னோக்கிப் பாருங்கள். ஓட்டை அங்கேதான் இருக்கும்.

குழந்தைக்குத் தெரியாமல் கண்காணிக்கலாமா?

வேண்டாம். வரலாற்றைப் பாருங்கள், அறிக்கை வந்தால் படியுங்கள், ஆனால் பார்க்கிறேன் என்பதைச் சொல்லிவிட்டே செய்யுங்கள். ஐந்து வயதுக்குப் புரியும்படிச் சொல்லலாம்: “நீ என்னென்ன கதை படிச்சேன்னு ராத்திரி நானும் பார்ப்பேன்.” பெரும்பாலான குழந்தைகள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படும். பதினாலு வயதில் திடீரென்று ‘இத்தனை வருஷமும் பார்த்தீர்களா?’ என்று கேட்க வேண்டிய நிலையும் வராது.

எப்போது இதையெல்லாம் தளர்த்துவது?

தேதி குறித்துச் சொல்ல முடியாது. நான் பார்க்கும் அடையாளங்கள் மூன்று. சரளமாகப் படிக்கிறது. எது விளம்பரம் என்று கேட்டால் விரலால் காட்டுகிறது. விசித்திரமாக ஏதாவது வந்தால் கூப்பிடாமலேயே கொண்டுவந்து காட்டுகிறது. மூன்றும் இருந்தால் அனுமதிப் பட்டியலிலிருந்து வடிகட்டிய இணையத்துக்கு மெல்ல நகரலாம். பெரும்பாலும் எட்டு, ஒன்பது வயதில் இது நடக்கும். முதல் சில மாதங்கள் சாதனம் கூடத்தில் மட்டும் இருக்கட்டும், படுக்கையறைக்குப் போக வேண்டாம்.

அதுவரை எங்கள் வீட்டில் நடந்த ஏற்பாடு ஒன்று. மேஜைப் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருப்போம். புதிதாக ஒரு தளம் வேண்டுமென்றால் அதில் அவள் படம் வரைய வேண்டும், எழுதத் தெரிந்த பிறகு பெயர் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை இருவரும் சேர்ந்து அந்தத் தளத்தைத் திறந்து, அவள் தொடத் தொட நான் பார்ப்பேன். வெளியே போகும் லிங்க் வந்தால் அவளே “இது வெளியில போகுதும்மா” என்று சொல்ல ஆரம்பித்தது ஏழாவது வயதில். சேர்த்தால் பச்சை டிக், சேர்க்காவிட்டால் ஏன் என்று ஒரு வரி. பழைய தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன். முதல் தாளில் ஒரு யானை மட்டும் இருக்கிறது, பக்கத்தில் பச்சைப் பொத்தான் இல்லாமல்.